பாக்டீரியா பேசுவதில்லை

(நீண்ட பதிவு. மொழியியல் நண்பர்கள், நுண்ணுயிரியல் நண்பர்கள் ஆகிய இரு தரப்பினருக்கும் சினம் வர வாய்ப்புண்டு. முழுவதும் வாசித்த பிறகு சினம் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.)

சென்ற மாதம் பெங்களூரின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஒரு பொது உரைக்குச் சென்றிருந்தேன். நாட்பட்ட நுரையீரல் தொற்றுகளில் பாக்டீரியாக்கள் நடத்தும் ‘உரையாடல்’ பற்றிய உரை அது. உரையாளர் திறமையானவர், அவர் காட்டிய தரவுகளும் தெளிவானவை. கடைசிப் படவில்லையில் ஒரு வாசகம் இருந்தது: ‘அவற்றின் மொழியைக் கற்போம், பிறகு அவற்றை ஊமையாக்குவோம்.’ அரங்கம் கைதட்டியது. இங்கே மொழி என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ‘அது ஓர் உருவகம்தான், மொழியியலாளர்கள் பெரிதுபடுத்த வேண்டியதில்லை’ என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அமர்ந்தேன்.

அன்று என்னுடன் என் அறைத்தோழியும் வந்திருந்தாள். அவளுடைய தம்பிக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அவனுடைய சளியில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மெட்ரோவில் திரும்பும்போது அவள் கேட்டாள்: ‘அப்ப தம்பி நெஞ்சுல இருக்கறதும் இப்படிப் பேசிக்கிட்டுதான் இருக்கா? அதை ஊமையாக்க மருந்து வந்துட்டா அவனுக்குச் சரியாயிடுமா?’

அவளுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. அதன் பிறகு ஒரு மாதம் கட்டுரைகளைப் புரட்டினேன். நான் உயிரியல் படித்தவள் அல்லள். மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் எழுத்தில் சொற்கள் எவ்வாறு பொருள் மாறுகின்றன என்பதை ஆய்ந்துவருபவள். என் வாதம் இதுதான்: இந்த உருவகம் தீங்கற்றதன்று. எதைச் சோதிக்க வேண்டும், எதற்கு நிதி தர வேண்டும், யாருக்குச் செவிகொடுக்க வேண்டும் என்பவற்றை அது நமக்குத் தெரியாமலே தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

1. ஒரு சொல் வளர்ந்த கதை

1970-இல் கென்னத் நீல்சன், டெரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூவர் கடலில் வாழும் ஒளிரும் பாக்டீரியா ஒன்றைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்பு விப்ரியோ ஃபிஷ்செரி என்று அழைக்கப்பட்ட அது, இன்று அலிவிப்ரியோ. புதிய வளர்ப்பூடகத்தில் இட்டவுடன் அது ஒளிர்வதில்லை. எண்ணிக்கை பெருகிய பின்னரே ஒளிர்கிறது. தானே வெளியிடும் ஒரு பொருள் ஊடகத்தில் சேர்ந்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், ஒளிர்வுக்குரிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இந்நிகழ்வுக்கு அவர்கள் தந்த பெயர் ‘தன்தூண்டல்’. அடக்கமான சொல். கண்டதற்கு மேல் அது எதையும் கூறவில்லை. 1981-இல் அப்பொருளின் வேதியமைப்பும் தெரியவந்தது: அது அசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்னும் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறு.

1994-இல் ஃபுக்குவா, வைனன்ஸ், கிரீன்பெர்க் ஆகியோர் எழுதிய மீள்பார்வைக் கட்டுரையில் ‘கோரம் சென்சிங்’ என்னும் பெயர் வந்தது. ‘கோரம்’ என்பது இலத்தீனில் ‘எவர்களுள்’ என்று பொருள்படும் பிரதிப்பெயர் வடிவம். நியமன ஆணைகளின் வாசகத்திலிருந்து அது அவை நடைமுறைச் சொல்லாயிற்று. தமிழ்ச் சட்ட வழக்கில் ‘குறைவெண்’ என்கிறோம். அவையில் இத்தனை பேர் கூடினால்தான் தீர்மானம் செல்லும். இப்பெயர் சூட்டப்பட்ட நாளில் பாக்டீரியா அவை உறுப்பினர் ஆயிற்று. உறுப்பினர் ஆனபின் பேசாதிருக்க முடியுமா? பேசியது, கேட்டது, ஒட்டுக்கேட்டது, ஏமாற்றியது. 2002-இல் ஓர் ஆய்விதழின் குறிப்புக்குத் தலைப்பே ‘பாக்டீரிய எஸ்பெராண்டோ’. 2009-இல் போனி பேஸ்லர் ஆற்றிய புகழ்பெற்ற டெட் உரையின் ஆங்கிலத் தலைப்பில் ‘பேசுதல்’ என்னும் சொல் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. உரை உலகம் சுற்றியது. மேற்கோள் குறிகள் வழியில் உதிர்ந்துபோயின.

எஸ்பெராண்டோ என்று அழைக்கப்பட்டது எது? ஆட்டோஇண்டியூசர்-2 என்னும் மூலக்கூறு. பல்வேறு பாக்டீரிய இனங்கள் இதனை வெளியிடுவதால் ‘பொதுமொழி’ என்றார்கள். ஆனால் இது உயிரணுவின் மெத்தில் வளர்சிதைச் சுழற்சியில் விளையும் துணைப்பொருள். சில இனங்களில் அதனை உணரும் ஏற்பி உண்டு. வேறு பலவற்றில் அது வெறும் கழிவாகவே இருக்கக்கூடும். பக்கத்தில் ஒருவர் நிற்பதை அவருடைய வேர்வை மணத்தால் நாம் அறிவதுண்டு. அதனால் அவர் நம்மிடம் பேசினார் என்று சொல்வதில்லை. வேர்வையைப் பற்றி இப்பதிவின் இறுதியில் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

2. அளவீடும் மொழியும்

1960-இல் சார்லஸ் ஹாக்கெட் மனித மொழியின் வடிவமைப்புக் கூறுகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில் குறைகள் உண்டு. சைகைமொழி ஆய்வாளர்கள் அவற்றைச் சரியாகவே சுட்டியுள்ளனர். எனினும் இரண்டு கூறுகளை எவரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள். முதலாவது, இங்கே இப்போது இல்லாததைப் பற்றிச் சொல்லும் ஆற்றல். தேனீயின் நடனத்தில்கூட இது ஓரளவு உண்டு. தொலைவில் இருக்கும் பூக்களின் திசை அதில் இருக்கிறது. இரண்டாவது, பொருளற்ற சிறு அலகுகளைச் சேர்த்துப் பொருளுள்ள அலகுகளையும், அவற்றைச் சேர்த்துப் புதிய கூற்றுகளையும் ஆக்கும் இருபடி அமைப்பு. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களாக வகுக்கப்பட்டிருப்பதை நம் மாணவர்கள் அறிவர். பாக்டீரியாவின் மூலக்கூறில் எழுத்தும் இல்லை, சொல்லும் இல்லை. பொருளை மட்டும் நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் வைக்கிறோம்.

‘மொழி என்ற சொல்லை விடுங்கள், குறிப்பு என்றாவது சொல்லலாமே?’ என்று கேட்கலாம். அதற்கும் உயிரியலாளர்களே தடை எழுப்பியுள்ளனர். ஒரு செயல் அல்லது பொருள் பிற உயிரியின் நடத்தையை மாற்றுவது மட்டும் போதாது. அவ்வாறு மாற்றுவதற்காகவே அது பரிணமித்திருக்க வேண்டும். பெறுநரின் மறுவினையும் அதற்காகவே பரிணமித்திருக்க வேண்டும். மேனார்ட் ஸ்மித்தும் ஹார்ப்பரும் 2003-இல் எழுதிய நூலில் ‘சிக்னல்’ என்பதற்குத் தந்த வரையறை ஏறத்தாழ இதுவே. 2006-இல் கெல்லரும் சுரெட்டும் இவ்வரையறையைப் பாக்டீரியாவுக்குப் பொருத்திப் பார்த்து, தொடர்பாடல் என்று அழைக்கப்படுபவற்றுள் சில தற்செயல் தடயங்களாகவும், சில ஓர் இனம் மற்றோர் இனத்தின் மீது செலுத்தும் வற்புறுத்தலாகவும் இருக்கலாம் என்று வாதிட்டனர்.

இவற்றினும் எனக்குப் பிடித்த வாதம் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் 2002-இல் முன்வைத்தது. பாக்டீரியா தன் கூட்டத்தின் தலைகளை எண்ணவில்லை. தான் வெளியிடும் பொருள் பரவிக் கரைந்து போகிறதா, அருகிலேயே தங்குகிறதா என்று சோதிக்கிறது என்றார் அவர். செரிமான நொதிகளைச் சுரப்பது செலவு மிக்க வேலை. சுரந்தவுடன் அவை அடித்துச் செல்லப்பட்டால் வீண். எனவே முதலில் மலிவான சிறு மூலக்கூறு ஒன்றை வெளியிட்டு அது திரண்டு நிற்கிறதா என்று பார்ப்பது சிக்கனம். நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அறியக் கிணற்றில் கல்லைப் போட்டுச் செவிமடுப்பவர் கிணற்றோடு உரையாடவில்லை.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, சூடோமோனாஸ் தன் இரு மூலக்கூறுகளின் செறிவுகளையும் சேர்த்து அறிவதன் மூலம் கூட்டத்தின் அடர்த்தியையும் பரவலிழப்பையும் பிரித்தறிய முடியும் என்று காட்டியது. அழகான ஆய்வு. ஆயினும் இரண்டு அளவுகோல்களைச் சேர்த்துப் படிப்பது நுண்மையான அளவீடு. அது இலக்கணம் ஆகாது.

3. நுரையீரலுக்குள் நடப்பது

உருவகம் தோற்கும் இடம் ஆய்வகக் குடுவை அன்று, நோயாளியின் நுரையீரல்.

1989-இல் சி.எஃப்.டி.ஆர். மரபணு அடையாளம் காணப்பட்டது. உயிரணுச் சவ்வின் வழியே குளோரைடைக் கடத்தும் புரதத்துக்குரிய மரபணு அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதி வந்தால் நோய் உண்டாகும். மூச்சுக்குழாய்களில் சளி கெட்டியாகித் தேங்குகிறது. வேர்வையில் உப்பு மிகுகிறது. பலருக்குக் கணையமும் செயலிழக்கிறது. தேங்கிய சளியில் சூடோமோனாஸ் குடியேறுகிறது. ஆண்டுக்கணக்கில், பல சமயம் வாழ்நாள் முழுவதும், அது வெளியேறுவதில்லை.

இந்தப் பாக்டீரியாவில் செறிவை உணரும் அமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. பாடநூல் கூறும் வரிசையில் உச்சியில் இருப்பது லாஸ் அமைப்பு: லாஸ்ஐ என்னும் நொதி பன்னிரு கார்பன் சங்கிலி கொண்ட மூலக்கூறை ஆக்குகிறது, லாஸ்ஆர் என்னும் ஏற்பி அதனைப் பற்றுகிறது. அதன் கீழ் நான்கு கார்பன் மூலக்கூறைப் பயன்படுத்தும் ஆர்எச்எல் அமைப்பு. இவற்றோடு பிணைந்தது குயினோலோன் அமைப்பு. இவை சேர்ந்து எலாஸ்டேஸ், பயோசயனின், ராம்னோலிப்பிட் முதலிய தீங்குப் பொருள்களின் சுரப்பை ஆள்கின்றன. 2000-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரின் சளியில் இவ்விரு மூலக்கூறுகளும் இருப்பதையும், அவற்றின் விகிதம் தனித்து மிதக்கும் பாக்டீரியாவைவிட உயிர்ப்படலத்தில் வாழும் பாக்டீரியாவின் விகிதத்தை ஒத்திருப்பதையும் காட்டியது. ‘நோயாளியின் நுரையீரலுக்குள் பாக்டீரியா பேசுகின்றன’ என்னும் சொல்லாடல் இதன் பின்னர் வேகம் பெற்றது.

ஆறே ஆண்டுகளில் கதை திரும்பியது. 2006-இல் வெளியான ஆய்வில், நோயாளரிடமிருந்து ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சேமிக்கப்பட்ட பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, மிகுதியாகப் பழுதுற்றிருந்த மரபணுக்களுள் ஒன்று லாஸ்ஆர். அதாவது ‘உரையாடலின் தலைமை ஏற்பி’ என்று கருதப்பட்டதையே நாட்பட்ட தொற்றில் பாக்டீரியா இழந்துவிடுகிறது. ஏன்? லாஸ்ஆர் இழந்த வகைகள், நோயாளரின் சளியில் நிறைந்திருக்கும் சில அமினோ அமிலங்களை உண்டு மேலும் நன்றாக வளர்கின்றன என்று 2007-இல் காட்டப்பட்டது. அத்தகைய வகைகள் காணப்படுவதற்கும் நுரையீரல் நோய் முற்றுவதற்கும் தொடர்பு உண்டு என்று 2009-இல் மற்றோர் ஆய்வு கூறியது. லாஸ்ஆர் இழப்பு இந்நோயாளரிடம் மட்டுமன்றிப் பிற சூழல்களிலும் மிகுதி என்று பிற்கால ஆய்வு தெரிவிப்பதையும் மறைக்க விரும்பவில்லை. சிக்கல் அதனால் குறையவில்லை, கூடுகிறது.

இங்கே சொற்கள் படும் பாட்டைப் பாருங்கள். ஏற்பியை இழந்த வகையை உருவகத்தின்படி ‘செவிடு’ என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆய்வுக்கட்டுரைகள் ‘சிக்னல் குருடு’ என்கின்றன. அதே வகையை வேறு கட்டுரைகள் ‘ஏமாற்றுக்காரன்’ என்கின்றன, மற்றவை சுரக்கும் நொதியால் பயன்பெற்றுத் தான் சுரக்காதிருப்பதால். ஒரே திரிபு ஒரே நேரத்தில் காது கேளாததாகவும் கண் தெரியாததாகவும் நேர்மையற்றதாகவும் இருக்கிறது. உடற்குறைகளை வசைச்சொற்களின் வரிசையில் வைக்கும் பழக்கம் நுண்ணோக்கியின் கீழும் நம்மை விடவில்லை. உருவகம் விளக்கம் தருவதை நிறுத்தி, கதை சொல்லத் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேலும் ஒரு திருப்பம். 2016-இல் ஃபெல்ட்னர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, லாஸ்ஆர் பழுதுற்ற நோயாளி வகைகள் சிலவற்றில் ஆர்எச்எல் அமைப்பு தனித்தே இயங்குவதைக் காட்டியது. ஆய்வகக் குடுவையில் கீழ்நிலை என்று வரையப்பட்டது நோயாளரிடம் தற்சார்பு பெற்றிருக்கிறது. ‘மொழி’ என்று எண்ணியிருந்தால் இதனை ‘மௌனம்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். இணைப்பு மாறிய ஒரு மின்சுற்று என்று எண்ணினால்தான் அடுத்த கம்பியைத் தேடத் தோன்றும்.

4. ஊமையாக்கும் தொழில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து, சிறப்பாகத் தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும், வரும் ‘கோரம் எதிர்ப்பு’ ஆய்வுக்கட்டுரைகளின் வார்ப்பு பெரும்பாலும் ஒன்றே. ஒரு மூலிகை, அதன் மெத்தனால் சாறு, குரோமோபாக்டீரியம் வயோலேசியம் என்னும் ஊதாநிறப் பாக்டீரியா பரப்பிய தட்டு, சாறு இட்ட இடத்தில் ஊதா நிறம் மங்குகிறது, பிறகு பி.ஏ.ஓ.1 என்னும் சூடோமோனாஸ் வகையில் பயோசயனின் குறைகிறது. முடிவுரையில் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளருக்கு இது எதிர்கால மருந்தாகலாம்’ என்று ஒரு வரி.

அந்த வரிக்கும் மேலே உள்ள சோதனைக்கும் என்ன தொடர்பு? பெரிதும் பயன்படும் சி.வி.026 என்னும் ஊதா வகை, குறுஞ்சங்கிலி மூலக்கூறுகளுக்கே நிறம் காட்டும். சூடோமோனாஸின் பன்னிரு கார்பன் மூலக்கூறு அதில் நிறத்தைத் தூண்டுவதில்லை, தடுக்கவே செய்யும். ஆகவே அத்தட்டில் நிறம் மங்கியதைக் கொண்டு லாஸ்ஆர் பற்றி எதையும் நேரடியாகச் சொல்ல முடியாது. பி.ஏ.ஓ.1-இன் மூதாதை 1954-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒருவருடைய காயத்திலிருந்து எடுக்கப்பட்டது. எந்தச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளியின் நுரையீரலிலும் அது ஆண்டுக்கணக்கில் வாழ்ந்ததில்லை. அதனிடம் லாஸ்ஆர் செம்மையாக உள்ளது. ஏற்பி உள்ள ஒன்றில் மருந்தைச் சோதித்து, அதை இழந்துவிட்ட ஒன்றுக்குப் பரிந்துரைக்கிறோம். காதே இல்லாததன் காதை அடைக்கப் பஞ்சு தேடுகிறோம்.

நோயாளரிடம் சோதிக்கப்பட்ட சான்றுகளும் எச்சரிக்கையே தருகின்றன. பூண்டுச் சாறு ஆய்வகத்தில் சூடோமோனாஸின் செறிவுணர்வைத் தடுப்பது தெரிந்த செய்தி. 2010-இல் பிரிட்டனில் 26 சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளரிடம் எட்டு வாரம் பூண்டு மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. சிறிய சோதனைதான், ஆனால் அதன் ஆசிரியர்கள் நேர்மையாக எழுதினர்.

அசித்ரோமைசினை எடுத்துக்கொள்வோம். 2003-இல் நடந்த சோதனையில், சூடோமோனாஸ் குடியேறிய நோயாளரின் நுரையீரல் திறனை அது மேம்படுத்தியது. குறைந்த அளவில் அது செறிவுணர்வை அடக்குவதால் ‘பேச்சை நிறுத்தும் முதல் மருந்து’ என்று சிலர் கொண்டாடினர். 2010-இல் சூடோமோனாஸ் இல்லாத குழந்தைகளிடம் அதே மருந்தைச் சோதித்தபோது, நுரையீரல் திறன் மேம்படவில்லை எனினும், நோய் திடீரென மோசமாகும் நிகழ்வுகள் குறைந்தன. பாக்டீரியாவே இல்லாத இடத்தில் எந்தப் பேச்சை அது நிறுத்தியது? அழற்சியைத் தணிக்கும் இயல்பும் அதற்கு உண்டு என்பதே எளிய விளக்கம்.

இதைவிடக் கவலை தருவது, அதே 2010-இல் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்ட நோயாளரிடம் கோலர் முதலானோர் கண்டது. மருந்து பெறாதோரிடம் லாஸ்ஆர் இழந்த, வீரியம் குன்றிய வகைகள் காலப்போக்கில் பெருகின. அசித்ரோமைசின் பெற்றோரிடம் அப்பெருக்கம் நிகழவில்லை. வீரியமிக்க மூல வகை தங்கிவிட்டது. எல்லாரையும் ஒருசேர ‘ஊமையாக்கினால்’ பேசாதிருப்பவருக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. மருந்தை நிறுத்தும் நாளில் எஞ்சியிருப்பது எது என்று எண்ணிப் பாருங்கள். படவில்லையில் இருந்த வாசகம் இந்த அச்சத்துக்கு இடமே தரவில்லை.

இந்த ஆய்வுகளைச் செய்யும் மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுள் பலர் என் நண்பர்கள். 2022-இல் விதி மாறும் வரை, ஆய்வேட்டை அளிக்குமுன் கட்டுரை வெளியிடுவது கட்டாயமாக இருந்தது. மாறிய பிறகும் நடைமுறை மாறவில்லை. ஒரு தட்டு, ஒரு மூலிகை, ஆறு மாதம் என்பது ஏழைத் துறையொன்றின் கணக்கு. அந்தக் கணக்குக்கு மினுக்கம் தருவது ‘பாக்டீரியாவின் மொழியை முறியடித்தோம்’ என்னும் தலைப்பு.

5. யாருடைய பேச்சு கேட்கப்பட்டது?

என் தோழியின் ஊர் திண்டுக்கல் பக்கம். பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்கள். தம்பிக்குப் பிறந்தது முதல் இருமல், எடை கூடாமை, எண்ணெய் மிதக்கும் மலம். ஐந்து வயதில் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து. ஒன்பது வயதில் மீண்டும் ஆறு மாதம். இருமுறையும் சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. பதினான்காம் வயதில்தான், வேறோர் ஊரின் மருத்துவர் ஒருவர் வேர்வைச் சோதனை செய்யச் சொன்னார். குளோரைடு 60-ஐத் தாண்டினால் நோய் என்று கொள்ள வேண்டும். அவனுக்கு 100-க்கு மேல்.

சென்ற பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘கைக்குழந்தையா இருக்கையிலயே நெத்தியில முத்தம் குடுத்தா உப்புக் கரிக்கும்மா. டாக்டர்கிட்டச் சொன்னேன். வேர்வைன்னா உப்பாத்தானே இருக்கும், ஏம்மா இதையெல்லாம் சொல்லிக்கிட்டுன்னாரு. அப்புறம் நான் யாருகிட்டயும் சொல்லல.’

ஐரோப்பிய நாட்டுப்புற வழக்கில் நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்னும் நம்பிக்கை மருத்துவம் அறியுமுன்பே இருந்தது. இந்நோயின் ஆகத் துல்லியமான அறிகுறியை ஒரு தாய் தமிழில், எழுவாயும் பயனிலையும் நிபந்தனை எச்சமும் அமைந்த முழுமையான வாக்கியத்தில் சொன்னார். ஹாக்கெட்டின் கூறுகள் அத்தனையும் அதில் இருந்தன. பதினான்கு ஆண்டுகள் எந்த ஏற்பியும் அதனைப் பற்றவில்லை. நாமோ நான்கு கார்பன் சங்கிலி ‘பேசுவதை’ச் செவிமடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்நோய் இந்தியரிடம் இல்லை என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. 1960-களிலேயே இந்தியாவில் நோயாளர்கள் பதிவாகியுள்ளனர். வேர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளக்கும் முறையொன்றை உள்நாட்டிலேயே உருவாக்கி, தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 2002-இல் வெளியிட்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தமிழகத்தின் நோயாளரைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. இருந்தும், பிறந்த குழந்தைகள் அனைவரையும் இந்நோய்க்குச் சோதிக்கும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லை. வட ஐரோப்பியரிடம் பெரும்பான்மையாகக் காணப்படும் எஃப்508டெல் திரிபு இந்திய நோயாளரிடம் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே ஐரோப்பியருக்காக வகுக்கப்பட்ட மரபணுச் சோதனைப் பட்டியல்கள் நம்மவர் பலரைத் தவறவிடும். 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மும்மருந்துக் கூட்டு நோயின் போக்கையே மாற்றியிருக்கிறது. அறிமுகமானபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 இலட்சம் டாலர் அளவில் இருந்தது. நம் 2021 தேசிய அரிய நோய்க் கொள்கை இந்நோயைக் குறிப்பிடுகிறது. அக்கொள்கையின் சிறப்பு மையங்களுள் ஒன்று இதே பெங்களூரில் இருக்கிறது. குறிப்பிடப்படுவதற்கும் மருந்து கைக்கு வருவதற்கும் இடையே உள்ள தொலைவைக் குடும்பங்கள்தாம் நடந்து கடக்கின்றன.

6. மறுப்புகளும் வேண்டுகோள்களும்

‘உருவகம் இல்லாமல் அறிவியல் எழுத முடியுமா?’ முடியாது. மரபணுக் ‘குறியீடு’, நரம்பு ‘வலை’ எல்லாம் உருவகங்களே. என் கேள்வி உருவகம் கூடுமா என்பதன்று. அது தவறும் இடத்தைக் காட்டித்தருகிறதா என்பது. நல்ல உருவகம் தான் பொருந்தாத எல்லையை அடையும்போது நம்மை நிறுத்தும். ‘மொழி’ நிறுத்தவில்லை, லாஸ்ஆர் இழந்த பாக்டீரியாவையும் விழுங்கிக்கொண்டு ‘ஏமாற்றுக்காரன்’ என்று புதுப் பாத்திரம் படைத்தது.

‘பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?’ வேண்டும். அன்று அரங்கில் இருந்த பொதுமக்களுள் ஒருத்தி என் தோழி. எளிமை அவளுக்குத் தந்தது ஒரு பொய்யான நம்பிக்கை.

‘செறிவுணர்வு ஆய்வே வீண் என்கிறீர்களா?’ இல்லை. 1970-இல் தொடங்கிய அந்த ஆய்வுமரபு உயிரியலின் பெருமைகளுள் ஒன்று. அது கண்டவற்றை வைத்தே இப்பதிவை எழுதியிருக்கிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, தமிழில் பாடநூல் எழுதுவோருக்கு. ‘பாக்டீரியா மொழி’ என்று எழுதாதீர்கள். ‘குறைவெண் உணர்தல்’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தலையெண்ணிக்கை என்னும் ஒரு கோட்பாட்டை அது முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. நான் முன்மொழிவது ‘செறிவறிதல்’. மூலக்கூறின் செறிவு அறியப்படுகிறது என்பதை ரெட்ஃபீல்டும் மறுக்க மாட்டார், கிரீன்பெர்க்கும் மறுக்க மாட்டார். வழக்கு தீராத இடத்தில் கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவது, ஆய்வக நண்பர்களுக்கு. முடிவுரையில் நோயாளரின் பெயரைச் சொல்வதானால், நோயாளரிடமிருந்து எடுத்த வகைகளில், அவர்களின் சளியை ஒத்த ஊடகத்தில் சோதியுங்கள். அவ்வகைகளின் லாஸ்ஆர் நிலையை எழுதுங்கள். இயலாதெனில் அந்தக் கடைசி வரியை நீக்கிவிடுங்கள். கட்டுரையின் மதிப்பு அதனால் குறையாது.

மூன்றாவது, குழந்தை மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு. இருமல் தீராத, எடை ஏறாத குழந்தையின் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா?’ இதற்குக் கருவி வேண்டியதில்லை. விடை ஆம் எனில் வேர்வைச் சோதனைக்கு அனுப்புங்கள். அச்சோதனை மாவட்டந்தோறும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் கிடைக்க வேண்டும் என்று நம் எல்லாருமாகக் கேட்போம்.

தோழிக்கு நேற்று விடை சொன்னேன். தம்பியின் நெஞ்சில் இருப்பவை பேசவில்லை. அவை தம் சூழலை அளக்கின்றன, தகவமைகின்றன, அளக்கும் கருவியையே சில சமயம் எறிந்துவிடுகின்றன. ஊமையாக்கும் மருந்து அருகில் இல்லை. சளியை வெளியேற்றும் பயிற்சியும், ஆவியாக உள்ளிழுக்கும் மருந்தும், கணைய நொதி மாத்திரையும், வேளைக்குச் சோறும்தான் இப்போதைக்கு அவனைக் காப்பவை. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இதை அந்த ஹாலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும். அன்று சிரித்துவிட்டு அமர்ந்ததற்கு ஈடாக இன்று எழுதுகிறேன். பிழை இருந்தால் தரவோடு திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன். ‘உருவகம்தானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.